உமியும் பொட்டலத் தாளும்

டெல்டாவில் சின்னப் பிள்ளையும் அறிந்த எண் ஒன்று உண்டு: 17. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போடுவார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை தராசுக்குப் போகாது. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்கும் குடும்பங்களை ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி வரை பார்க்கலாம். ஈரப்பத வரம்பை 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று அந்த வாரங்களில் மனுக்கள் போகும். டெல்லியிலிருந்து மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகும்.

கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் அரியலூர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே சிமெண்ட் ஆலைகளின் வாசலில் வேறொரு சரக்குக்கும் ஈரப்பதம் பார்க்கிறார்கள். அந்தச் சரக்கு, ஊர்க் குப்பையிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டிய பொதி. துறையில் அதற்கு ஆர்டிஎஃப் என்று பெயர். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்குத் தரம் வகுத்திருக்கிறது. மூன்றாம் தரத்துக்கு ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் தரத்துக்கு 10. நெல்லுக்கு உள்ளதைப் போலவே குப்பைக்கும் இப்போது ஈரப்பதம் உண்டு, தரம் உண்டு, வாசலில் திருப்பி அனுப்பப்படும் லாரியும் உண்டு.

எந்தக் குப்பை எரிபொருளாகிறது என்பதைக் காயலான் கடையிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். இரும்பு, பித்தளை, அட்டை, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், பால் கவர் ஆகியவற்றுக்கு அங்கே விலை உண்டு. சிப்ஸ் பொட்டலத்துக்கு இல்லை. காரணம் அதன் உடல்வாகு. பளபளக்கும் அந்தத் தாள் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனதல்ல. அச்சுப் பதிய ஒரு படலம், காற்றும் வெளிச்சமும் புகாமல் தடுக்க ஓர் அலுமினியப் பூச்சு, சூடுகாட்டி ஒட்ட இன்னொரு படலம் என மெல்லிய அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் உருக்கி மறுபடி வார்க்கலாம். ஒட்டியவற்றைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு, பிரித்தெடுக்கும் பொருளின் விலையைப் போலப் பல மடங்கு. ஷாம்பு சாஷே, கிழிந்த ரெக்சின் பை, அறுந்த செருப்பு, பஞ்சு வெளிவந்த மெத்தை, சாயம் போன செயற்கை இழைத் துணி எல்லாம் இந்தக் கூட்டம்தான். மறுசுழற்சிக்கு உதவாத இவற்றுக்குள் எரிசக்தி மட்டும் அப்படியே இருக்கிறது. பாலிஎத்திலீன் ஒரு கிலோ எரிந்தால் 10,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் வரும். டீசலுக்குக் கிட்டத்தட்ட சமம். நம்மூர் அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

வேறெதற்கும் உதவாத உறையை எரித்து வேலை வாங்குவது டெல்டாவுக்குப் புதிதா? இல்லை. நெல்லுக்கு இயற்கை போட்ட உறை உமி. நூறு கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ அதுதான். மாடு தின்னாது, மண்ணில் போட்டால் எளிதில் மக்காது. ஆனால் ஒரு கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும். புழுங்கல் அரிசி ஆலைக்குள் போனால் இதன் அழகு தெரியும். நெல்லை அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலன் வேண்டும், கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள் நேற்று அரைத்த நெல்லின் உமி. நெல்லே தன்னை அவித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அளவான சூட்டில் எரித்த உமிச்சாம்பல் நல்ல சிமெண்ட் கலவைப் பொருள் என்பது கட்டுமானப் பொறியாளர்கள் அறிந்தது.

ஆனால் உமி எப்போதும் இப்படிச் சுத்தமான எரிபொருளாக இருந்ததில்லை. இந்த அத்தியாயத்தின் சாரமே அந்தப் பழைய கதையில் இருக்கிறது.

ஊருக்கு ஊர் இருந்த பழைய ஹல்லர் மில்களில் நெல் ஒரே இரும்பு உருளைக்குள் போய் உரசி அரிசியாக வெளிவரும். உமியும் தவிடும் நொறுங்கி ஒன்றாகக் கலந்து கொட்டும். அந்தக் கலவையைத் தீவனமாக விற்றார்கள். எண்ணெய் பிழிய அது தோதுப்படாது, ஏனென்றால் பாதிக்கு மேல் உமித்தூள். கொதிகலனில் போடவும் மனம் வராது, ஏனென்றால் நல்ல தவிடு எரிந்துபோகும். இரண்டு நல்ல பொருள்கள் கலந்ததால் இரண்டுமே மதிப்பிழந்தன. 1960களில் நவீன அரிசி ஆலைகள் வந்தன. ரப்பர் உருளைகள் முதலில் உமியை மட்டும் உரித்தெடுத்தன. தவிடு பிறகு தனியாக வந்தது. உமி கொதிகலனுக்குப் போயிற்று, தவிடு எண்ணெய் ஆலைக்குப் போயிற்று. நெல் மாறவில்லை, உமி மாறவில்லை. பிரிக்கும் இடமும் வரிசையும் மாறின, அவ்வளவுதான். அந்த மாற்றத்தின் காலத்தில்தான், 1967-இல், திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. மழையில் நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற கேள்வி அதன் ஆரம்பகாலக் கவலைகளில் ஒன்று. இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரோடு நிற்கும் தேசிய நிறுவனத்தின் வேர் அது.

வீட்டுக் குப்பை இன்னும் ஹல்லர் காலத்தில் இருக்கிறது. சாம்பார் மிச்சமும் பிஸ்கட் தாளும் ஒரே வாளியில் விழுகின்றன. மிச்சச் சோறு தனியாக இருந்தால் உரம். தாள் தனியாக, உலர்ந்து இருந்தால் எரிபொருள். கலந்த பிறகு சோறு உரமாகப் பிளாஸ்டிக் விடாது. தாள் எரியச் சோற்றின் ஈரம் விடாது. இதில் ஒரு கணக்கும் உண்டு. கலந்த குப்பை ஒரு கிலோவில் பாதி தண்ணீர் என்று வையுங்கள். அந்த அரை லிட்டரைச் சூடேற்றி ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 300 கிலோகலோரி செலவாகும். அதோடு விடாது. அந்த ஆவி சூளையின் வெப்பத்தையும் சுமந்துகொண்டுதான் புகைபோக்கி வழியாக வெளியேறும். ஈரக் குப்பையை எரிப்பவர் காசு கொடுத்து மூட்டிய தீயில் தண்ணீர் காய்ச்சுகிறார்.

கலந்த குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெபமாலைபுரம் கிடங்கு தீப்பற்றிய நாட்களில் அக்கம்பக்கத்துத் தெருக்கள் கண்ணெரிச்சலோடு உறங்கியிருக்கின்றன. கும்பகோணத்துக்குக் கரிக்குளம், திருச்சிக்கு அரியமங்கலம். பல பத்தாண்டுக் குப்பை மேடுகள் இவை. வாய்க்கால்களின் கதை தனி. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் கடைமடை நோக்கி ஓடிவரும்போது நுரைக்கு முன்னால் பிளாஸ்டிக் வரும்; மதகுப் பலகையில் வந்து அடைந்து நிற்கும். வாழை இலை விளையும் ஊர்களில் இலை வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டிக் தாளில் சாப்பாடு போட்ட காலம் ஒன்று வந்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்ததில் அது சட்டப்படி முடிந்தது. வாய்க்காலில் இன்னும் முடியவில்லை.

பழைய மேடுகளைக் கலைத்துப் பிரிக்கும் வேலைக்குப் பயோமைனிங் என்று பெயர். அப்போது நகராட்சியாக இருந்த கும்பகோணம், 2016 மகாமகத்தை ஒட்டிய ஆண்டுகளில் கரிக்குளத்தில் இதைக் கையில் எடுத்தது. தமிழ்நாட்டில் இதை முதலில் செய்து பார்த்த ஊர்களில் அதுவும் ஒன்று. பின்னர் அரியமங்கலம், ஜெபமாலைபுரம், சென்னைப் பெருங்குடி எனப் பல இடங்களுக்கு அதே முறை போயிற்று.

வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நெற்களம் நினைவுக்கு வரும். முதலில் மேட்டை வெட்டி நீள நீளப் போர்களாகக் குவிக்கிறார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடுகிறார்கள். உள்ளே மக்கல் வேகம் பிடிக்கும்போது போரின் வயிறு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. ஈரம் ஆவியாகிறது, நாற்றம் அடங்குகிறது. அப்புறம் சல்லடை. சுழலும் பெரிய உருளைச் சல்லடைகளில் கல்லும் கட்டிட இடிபாடும் ஒரு பக்கம், சலித்த மண் ஒரு பக்கம். கடைசியில் தூற்றல். களத்தில் முறத்தை உயர்த்திக் காற்றுக்கு நெல்லைக் கொட்டினால் மணி நேரே விழும், பதர் தள்ளிப்போய் விழும் அல்லவா? அதே விதிப்படி இயந்திரம் காற்றை ஊதுகிறது. கல்லும் கண்ணாடியும் கீழே விழ, தாளும் துணியும் பறந்து தனியே சேர்கின்றன. களத்தில் பதர் கழிவு; இங்கே பறந்து விழுவதுதான் சரக்கு. அதைத் துண்டாக்கி, அழுத்திப் பொதியாகக் கட்டி லாரியில் ஏற்றினால் ஆர்டிஎஃப். கும்பகோணத்துப் பொதிகள் போய்ச் சேர்ந்தது அரியலூர்ப் பகுதிச் சிமெண்ட் ஆலைகளுக்கு.

அரியலூரில் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள்? அங்கே கடல் இருந்தது. டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியக் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. சங்குகள், பவளங்கள், சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகள் செத்துச் செத்துப் படிந்த சுண்ணாம்பு இன்று கல்லாக இருக்கிறது. கல்லக்குடியில் 1939-இல் டால்மியா சிமெண்ட் ஆலை எழுந்தது அந்தக் கல்லை நம்பித்தான். 1953-இல் ரயில் நிலையத்தின் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். நிலையம் கல்லக்குடி ஆகிவிட்டது. நிலவியல் நூல்களில் அங்குள்ள பழைய பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும் டால்மியாபுரம் படிவம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

சிமெண்ட் செய்வது அடிப்படையில் கல்லைச் சுடும் வேலை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைத்து, உயர்ந்த கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து விடுகிறார்கள். கீழேயிருந்து ஏறிவரும் சூடான புகை மாவைச் சூடேற்றுகிறது. கோபுரத்தின் அடியில் 850 முதல் 900 டிகிரிச் சூட்டில் சுண்ணாம்புக்கல் தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. பிறகு அது சாய்வாகச் சுழலும் நீண்ட சூளைக்குள் உருண்டு போகிறது. அங்கே சுடரின் சூடு 2,000 டிகிரியை எட்டும். உருளும் பொருள் 1,450 டிகிரி வரை போகும். வெளியே வரும்போது கோலிக்குண்டு போன்ற கருஞ்சாம்பல் உருண்டைகள். அவைதான் கிளிங்கர். ஒரு கிலோ கிளிங்கருக்கு 700 முதல் 750 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. அதை நிலக்கரியும் பெட்ரோலியக் கோக்கும் தந்துவந்தன. அதில் ஒரு பங்கைத்தான் குப்பைப் பொதி ஏற்கிறது.

தெருமுனையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தெருமுனைத் தீயில் சூடு போதாது, காற்றும் போதாது. அரைகுறையாக எரிந்த புகையில் டையாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உருவாகின்றன. சூளையில் வாயுக்கள் 1,200 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் இருக்கின்றன. கேட்கச் சின்னக் காலம். கரிம மூலக்கூறுகள் சிதைய அது தாராளம். உள்ளே நிறைந்திருக்கும் சுட்ட சுண்ணாம்பு, அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்கிறது. குப்பை எரிக்கும் மின்நிலையத்தில் மிஞ்சும் சாம்பலைக் கொட்ட இன்னொரு கிடங்கு தேட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. பொட்டலத்தின் அலுமினியப் பூச்சு அலுமினாவாகிறது. டயர்த் துண்டில் இருக்கும் கம்பி இரும்பு ஆக்சைடாகிறது. கிளிங்கருக்கு இரண்டும் தேவையான பொருள்கள், கல்லோடு கல்லாகிவிடுகின்றன.

இத்தனை பலமுள்ள சூளையைப் படுக்கவைக்கக் கொஞ்சம் உப்பு போதும். பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். வீட்டுக் குப்பையில் அதைத் தவிர ஊறுகாய், கருவாடு, சாம்பார் என உணவு உப்பும் வருகிறது, அதிலும் குளோரின்தான். சூளைக்குள் இந்தக் குளோரைடுகள் ஆவியாகி, கோபுரத்தின் சற்றே குளிர்ந்த பகுதிக்கு ஏறி, அங்கே பிசின் போல உறைந்து மாவை ஒட்டவைக்கின்றன. குழாய் அடைத்துக்கொண்டால் ஆலையை நிறுத்தி, ஆட்கள் ஏறி அந்தச் சூட்டில் குத்தி உடைக்க வேண்டும். முதல் தர ஆர்டிஎஃப்பில் குளோரின் 0.5 சதவீதத்துக்குள், மூன்றாம் தரத்தில்கூட 1 சதவீதத்துக்குள் என்று 2018 வழிகாட்டுதல் வரம்பு கட்டியதற்கு இதுவே காரணம். கழுவாமல் வீசிய ஊறுகாய்ப் பொட்டலத்துக்கும் அரியலூர்க் கோபுரத்தின் அடைப்புக்கும் இடையில் இப்படியொரு நேர்வழி இருக்கிறது.

வெளிநாடுகள் இந்தத் தொல்லைகளைப் பத்தாண்டுக் கணக்கில் பழகித் தேறின. ஜெர்மனியின் சிமெண்ட் சூளைகளில் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கழிவு எரிபொருள்களிலிருந்து வருகிறது. இந்தியாவின் சராசரி இன்னும் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு கட்டளைகள் போட்டன. கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரக்கூடிய, மறுசுழற்சிக்கு உதவாத கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது என்பது ஒன்று. ஆர்டிஎஃப் நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் எரிபொருள் பயன்படுத்தும் ஆலைகள், தம் தேவையில் குறைந்தது 5 சதவீதத்தை ஆர்டிஎஃப்பால் ஈடுசெய்ய வேண்டும் என்பது இன்னொன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இந்த 100 கிலோமீட்டர் வரம்பு வரப்பிரசாதமாக அமைந்தது. பொதி இலேசானது, இடத்தை அடைப்பது. லாரி நிறைந்தாலும் எடை ஏறாது. பெருங்குடியிலிருந்து வரும் லாரிக்கும் கும்பகோணத்திலிருந்து வரும் லாரிக்கும் டீசல் செலவில் உள்ள வித்தியாசம் பெரிது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். பிளாஸ்டிக்கும் பெட்ரோலியப் பிள்ளைதான். அது எரிந்து வரும் கரியமில வாயு, நிலக்கரி விடுவதைப் போலவே வானத்தைச் சேர்கிறது. சிமெண்ட் ஆலை வெளியேற்றும் கரியமில வாயுவில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதே அல்ல. சுண்ணாம்புக்கல் தானே விடுவது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பகுதி அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, அரியலூர் மக்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளின் ஓட்டமும் தூசியும் தோண்டிவிட்ட பள்ளங்களும் ஏற்கெனவே அவர்கள் வாழ்வில் இருக்கின்றன. கழிவு எரிக்கும் சூளைக்கு டையாக்சின் வரம்பு ஒரு கனமீட்டர் வாயுவில் 0.1 நானோகிராம். அந்த அளவீடுகளைச் சுற்றுவட்டார ஊராட்சிகள் தாங்களே பார்த்துக் கேள்வி கேட்கும் நிலை வர வேண்டும். நகரம் தின்று போட்டதை எரிக்கும் ஊர் அவர்களுடையது. கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

சூளை இருக்கிறதே, போகட்டும் என்று பொட்டலங்கள் பெருகுவது இதைவிடப் பெரிய ஆபத்து. மாற்றி வடிவமைக்கக்கூடிய உறையை, ஒரே பொருளால் செய்யக்கூடிய உறையை, அடுக்கடுக்காக ஒட்டிச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனத்துக்குச் சூளை சாக்காகிவிடக் கூடாது. நெல்லின் உமியைத் தவிர்க்க வழியில்லை. பொட்டலத்தின் உறையைத் தீர்மானிப்பது மனிதர்கள்.

பணத்தின் திசையையும் பார்க்க வேண்டும். உமிக்கு இன்று விலை உண்டு. கொதிகலன் வைத்தவரும் செங்கல் சூளைக்காரரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆர்டிஎஃப் பெரும்பாலும் அந்த நிலையை எட்டவில்லை. பல ஊர்களில் பிரிக்கும் செலவும் ஏற்றி அனுப்பும் செலவும் உள்ளாட்சியின் தலையில்தான் விழுகின்றன. பழைய மேட்டிலிருந்து எடுத்த பொதியில் மண் ஒட்டியிருக்கும். மண் எரியாது, சாம்பல் கணக்கில் ஏறும், தரம் இறங்கும். அதே தாளைக் காலையில் வீட்டு வாசலிலேயே உலர்ந்த குப்பையாகத் தூய்மைப் பணியாளர் தனியாக வாங்கிவிட்டால், மண்ணும் இல்லை, சோறும் இல்லை, உப்பும் குறைவு. சரக்கு ஒன்றுதான், வாங்கிய இடம்தான் வேறு. இருபது முப்பது ஆண்டு மேட்டுக்குள் கிடந்து வந்த தாளுக்கும் இன்று காலை வாங்கிய தாளுக்கும் ஆலை வாசலில் கிடைக்கும் தரம் ஒன்றாக இருக்காது. பழைய மேடுகள் ஒருநாள் தீரும். அதன் பிறகு பொதி கட்டுவதற்கு அந்தக் காலைக் குப்பை மட்டுமே இருக்கும்.

அதற்கும் ஐப்பசி, கார்த்திகை வரும். வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரங்களில், திறந்த வெளியில் கிடக்கும் பொதி இரண்டே நாளில் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்த மாதங்களில் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குத் தார்ப்பாய் தேடுவார்கள். குப்பைக்கும் கூரை போட்ட கொட்டகையும், தரையில் சிமெண்ட் தளமும், தண்ணீர் வடிய வாட்டமும் அமைத்த ஊர்களில் சல்லடை நிற்காமல் ஓடுகிறது. மற்ற ஊர்களில் தை வெயில் ஏறும்வரை லாரிகள் காத்திருக்கின்றன.